பார்வை இல்லாதவர் மருந்தைத் தானே எடுத்துக்கொள்ள: ரப்பர் பேண்டும் ஆண்ட்ராய்டு போனும்

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு க்ளாக்கோமா (கண் அழுத்த நோய்). இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளும் உண்டு. யாராவது வந்து எடுத்துக் கொடுக்கும்வரை உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை என்றார். அதற்காகச் செய்த ஏற்பாடு இது. போனில் டாக்பேக் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி), கூகுளின் தமிழ்க் குரல், லுக்அவுட் (கேமராவில் காட்டும் எழுத்தைப் படித்துச் சொல்லும் கூகுள் செயலி) மூன்றும் இருக்கட்டும்.

1. முதலில் ரப்பர் பேண்ட்

போனுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை வேளையோ அத்தனை ரப்பர் பேண்ட் மருந்துப் புட்டியில் சுற்றுங்கள். டிமோலால் கண் சொட்டு மருந்து இரண்டு வேளை என்றால் இரண்டு, இரவு மட்டும் போடும் லட்டானோப்ரோஸ்டுக்கு ஒன்று. இரண்டு புட்டிகளும் கைக்கு ஒரே மாதிரி இருப்பதால் இது அவசியம். ஒரு சொட்டு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் இடைவெளி வேண்டும். புட்டியைத் திறந்த தேதியை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே வாய்ஸ் மெசேஜாகப் போட்டு வைப்பது பெரியம்மாவின் யோசனை.

2. மாத்திரை ஸ்ட்ரிப்பைப் படிக்க வைப்பது

என்னை அதிகம் படுத்திய இடம் இதுதான். அலுமினியத் தாள் பளபளப்பதால் கேமராவுக்கு எழுத்து பிடிபடாது. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். கருப்புத் துணி விரித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஸ்ட்ரிப்பை வையுங்கள். எங்கே காட்டுவது என்ற குழப்பம் வராமல் இருக்க, லுக்அவுட்டைத் திறந்து, போனை ஸ்ட்ரிப்பின் மேலேயே படுக்கவைத்து, முழங்கைகளை மேஜையில் ஊன்றி, ஒரு சாண் உயரத்துக்கு மெதுவாகத் தூக்க வேண்டும். பாதியில் குரல் தானாகவே வரத் தொடங்கும்.

காலாவதித் தேதி பல ஸ்ட்ரிப்களில் மை இல்லாமல் ஓரத்தில் அச்சழுத்தமாகத்தான் இருக்கிறது. கேமரா அதைப் படிக்காது. விரலுக்குத் தட்டுப்படும் அந்த ஓரத்தை வெட்டாமல் கொடுக்கும்படி மருந்துக்கடையில் சொல்லிவிடுங்கள். அல்சூரில் தமிழிலேயே சொல்லலாம், மொழித் தொல்லை இல்லை.

3. க்யூஆர் கோடு

2023 ஆகஸ்ட் 1 முதல், அரசு பட்டியலிட்ட 300 மருந்து பிராண்டுகளில் க்யூஆர் அல்லது பார்கோடு கட்டாயம். பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் உண்டு. ஸ்ட்ரிப்பில் இடம் போதாவிட்டால் வெளிப்பெட்டியில் அச்சிடலாம் என்பதால், பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

4. மனிதக் கண்

புது மருந்து வாங்கிய அன்று மட்டும் எந்தச் செயலியையும் நான் நம்புவதில்லை. பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் 2.5-இல் புள்ளியை விழுங்கினால் 25 என்று கூசாமல் வாசிக்கும். பீ மை ஐஸ் செயலியில் வீடியோ அழைப்பு செய்தால் தன்னார்வலர் ஒருவர் பார்த்துச் சொல்வார், இலவசம். அதே செயலியின் ஏஐ விவரிப்பு சமையலறைச் சாமான்களுக்குச் சரி, மாத்திரைக்கு வேண்டாம்.

பின்சேர்க்கை: இன்சுலின் பேனாவில் 'க்ளிக்' சத்தத்தை எண்ணினால் போதாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரும்பாலான பேனாக்களில் ஒரு க்ளிக் ஒரு யூனிட்தான். ஆனால் அரை யூனிட் பேனாக்களும் இருக்கின்றன. க்ளிக்கை மட்டும் நம்ப வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். டாக்டரிடமோ நர்ஸிடமோ உங்கள் பேனாவையே கொண்டுபோய்க் காட்டி, அவர் முன்னால் செய்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.