உயில் எழுதுவது எப்படி? பட்டாவையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்

அம்மாவின் உயிலை எழுதிப் பதிவு செய்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். ஊரில் ஒரு வீடு, கொஞ்சம் புஞ்சை நிலம், வங்கியில் டெபாசிட், நகை. அவ்வளவுதான் சொத்து. யாருக்கு எதைக் கொடுப்பது என்று அம்மா காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். கொடுக்கப்போகும் நிலம் எது என்று காகிதத்தில் எழுதத்தான் படாதபாடு பட்டோம்.

தமிழ்நாட்டில் சொத்து வைத்திருக்கும், இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்றவர்களுக்குக் கடைசியில் ஒரு குறிப்பு உண்டு.

1. பட்டியல் போடுங்கள்

சொத்து, கடன் இரண்டையும் எழுதுங்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். 2005 திருத்தத்துக்குப் பிறகு அதில் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை இருக்கிறது, அதை மறந்து கணக்குப் போடாதீர்கள்.

நாமினி போட்டாயிற்றே, உயில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், அவ்வளவே. சொத்து வாரிசுகளுக்குத்தான். பங்குகள், மியூச்சுவல் ஃபண்டுகள் விஷயத்திலும் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. காப்பீட்டில் மட்டும் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே என்று 2015இல் ஒரு திருத்தம் வந்தது. இருந்தாலும் உயிலிலும் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. வங்கிக் கணக்குக்கு 2025 நவம்பர் முதல் நான்கு நாமினிகள் வரை போடலாம். நாமினியும் உயிலும் ஒரே ஆளைக் காட்டினால் பின்னால் சண்டை குறையும்.

2. சொத்து விவரம் (இங்கேதான் மாட்டினோம்)

எங்கள் கிரையப் பத்திரத்தில் ஒரு சர்வே எண். பட்டாவில் அதே எண்ணோடு ஓர் உட்பிரிவு எழுத்து ஒட்டியிருந்தது. நிலம் பிற்பாடு உட்பிரிவு ஆகியிருக்கிறது, பத்திரத்துக்கு அது தெரியாது. நான்கு எல்லை இன்னும் மோசம். "இன்னார் தோட்டத்துக்கு மேற்கு" என்று இருக்கிறது. அந்த இன்னார் போய்ச் சேர்ந்து, தோட்டம் மனையாகி, மனையில் வீடும் வந்துவிட்டது. இதை அப்படியே உயிலில் இறக்கினால் நாளை பட்டா மாற்றும்போது தாலுகா ஆபீசில் நிற்க வேண்டியதுதான்.

நாங்கள் செய்தது இது. மூலப் பத்திரம், இணையத்தில் எடுத்த பட்டா நகல், வில்லங்கச் சான்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் மூன்றையும் பத்திரத்தில் உள்ளபடியே எழுதினோம். சர்வே எண்ணுக்கு மட்டும் "பத்திரப்படி இன்ன எண், தற்போதைய பட்டாப்படி இன்ன உட்பிரிவு" என்று இரண்டையும் சேர்த்தோம். எல்லைகளைப் பழையபடியும் எழுதி, இன்று பக்கத்தில் இருப்பவர் யார் என்றும் எழுதினோம். பரப்பளவும் அப்படியே: ஏக்கர், சென்ட், ஹெக்டேர் எல்லாம். நீளமாகத்தான் வரும், வரட்டும்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா? முதலில் அதை மாற்றுங்கள், உயில் அப்புறம்.

3. எழுதுவது

முத்திரைத்தாள் தேவையில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் ஊரில் யாரும் நம்புவதில்லை. வெள்ளைத்தாள் போதும், தமிழிலேயே எழுதலாம். தட்டச்சு செய்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுவதுதான் என் விருப்பம். பால்பாயின்ட் பேனா நல்லது, ஜெல் பேனா ஈரம் பட்டால் கலங்கிவிடும். இணையத்தில் கிடைக்கும் மாதிரி உயில்கள் எனக்குப் பிடிக்கவில்லை, சொத்து விவரத்துக்கு ஒரே ஒரு வரிதான் இடம் விடுகிறார்கள்.

இரண்டு பத்திகளை விட்டுவிடாதீர்கள். ஒன்று, "இதற்கு முன் எழுதிய உயில்களை ரத்து செய்கிறேன்." மற்றொன்று, "இதில் சொல்லாத, இனி எனக்குச் சேரும் சொத்துகள் இன்னாருக்கு." உயிலை நிறைவேற்ற ஓர் ஆளின் பெயரையும் போடுங்கள். கையெழுத்தான பிறகு பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். புதிதாக எழுதுவதே மேல்.

4. சாட்சிகள்

குறைந்தது இருவர். எழுதியவர் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். பங்கு வாங்கும் யாரையும் சாட்சியாக்காதீர்கள். வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும் என்பதால் எழுதுபவரைவிட இளையவர்களாக, உள்ளூரிலேயே இருப்பவர்களாகப் பாருங்கள். எழுபது வயது மாமாக்களை மரியாதைக்காகக் கூப்பிடும் வழக்கம் இந்த வேலைக்கு ஆகாது. எழுதுபவருக்கு வயது கூடுதலாக இருந்தால் தெளிவான மனநிலையில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் அதே நாளில் ஒரு சான்று வாங்கி வையுங்கள்.

5. பதிவு

சட்டப்படி கட்டாயமில்லை. நான் செய்யச் சொல்வேன், காணாமல் போய்விட்டது என்ற பேச்சுக்கே இடமிருக்காது. நடக்க முடியாதவர்களுக்குச் சார்பதிவாளர் வீட்டுக்கு வந்தும் பதிவு செய்வார், மனு கொடுக்க வேண்டும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் வேறு யாருக்கும் கிடைக்காது. ஆனால் பதிவு செய்த உயிலுக்குப் பிறகு, பதிவு செய்யாத இன்னோர் உயிலை முறைப்படி எழுதினால் பின்னதுதான் செல்லும்.

அசலை லேமினேட் செய்யாதீர்கள். எங்கே இருக்கிறது என்று நிறைவேற்றுபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

வில்லங்கச் சான்றில் உயில் ஏறவில்லையே, பதிவு சரியாக நடக்கவில்லையா என்று ஒருவர் பதறியிருந்தார். ஏறாது. உயில்களுக்குத் தனிப் பதிவேடு, மூன்றாம் புத்தகம்.

உயிலுக்குப் பதில் தானசெட்டில்மெண்ட் எழுதலாமா என்று இருவர் கேட்டார்கள். செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தால் சொத்து அன்றே கைமாறிவிடும், பிறகு மனம் மாறினாலும் சுலபத்தில் திரும்பாது. உயிலைக் கடைசிவரை மாற்றலாம். குடியிருக்கும் வீட்டுக்கு நான் உயிலைத்தான் சொல்வேன்.

கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை, தானே சம்பாதித்து வாங்கிய ஃபிளாட் இருக்கிறது, உயில் அவசியமா என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். அவசியம், மற்ற எல்லோரையும்விட உங்களுக்குத்தான் முதலில். இந்து வாரிசுரிமைச் சட்டம் 15ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தச் சம்பாத்தியம் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் வரிசையில் அவர்களுக்குப் பின்னால்தான். அம்மாவுக்கோ தங்கைக்கோ போக வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும்.

முஸ்லிம் வாசகர்களுக்கு விதி வேறு: பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்கள் கவனிக்க வேண்டியது, திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும், புதிதாக எழுத வேண்டும்.