ஸ்டாண்ட் மிக்சர் வாங்கும்போது வாட்ஸை நம்பாதீர்கள்

போன வாரம் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெண் போன் செய்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது. தீபாவளிக்குச் சொந்தக்காரர்களுக்குப் பலகாரத் தட்டு கொடுத்தவள், கேக், நான்கட்டாய் என்று ஆர்டர் எடுக்கவும் ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, பிளாக் ஃப்ரைடேயில 1500 வாட்ஸ் மிக்சர் பாதி விலைக்குப் போட்டிருக்கான், 7 லிட்டர் கிண்ணம், எடுத்துரட்டுமா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 9 வருஷத்துக்கு முன்னால் நானும் கடையில் நின்று கிட்டத்தட்ட இதே எண்களைத்தான் சொன்னேன். என்னிடம் ரொட்டி செய்யக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் மூன்று பேர் அப்புறம் அதே குழியில் விழுந்தார்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

பிளக்கைப் பிடுங்காமல் கழுவாதீர்கள், ஓடும்போது கரண்டியை விடாதீர்கள் போன்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்வது சட்னி அரைக்கும் மிக்சியைப் பற்றி இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ரொட்டிக்கும் கேக்குக்கும் மாவு பிசைகிற, பத்து வருஷமாவது உழைக்க வேண்டிய ஸ்டாண்ட் மிக்சரைப் பற்றி.

வாட்ஸைப் பார்த்து வாங்குவது

முதலில் என் கதை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பன்னி சௌவுக்கு (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது) கடை ரொட்டி வாங்க மாட்டோம், மாமனாருக்கு வீட்டு ரொட்டிதான் வேண்டும். 1 கிலோ ரொட்டி மாவு, 600 மில்லி தண்ணீர், வாராவாரம். கையால் பிசைந்து பிசைந்து மணிக்கட்டு வலி வந்த பிறகுதான் 1400 வாட்ஸ் என்று பெரிதாக எழுதிய ஒரு மிக்சரை வாங்கினேன். பக்கத்திலேயே 300 வாட்ஸ் மிக்சர் ஒன்று இரண்டு மடங்கு விலையில் இருந்தது. கால் பங்கு சக்திக்கு இரண்டு மடங்கு காசா என்று கேட்டேன், கடைக்காரப் பையனும் ஆமாம் ஆன்ட்டி என்று தலையாட்டினான்.

ஐந்தாவது மாதம், ஈஸ்டருக்கு முந்தின புதன்கிழமை. ஹாட் கிராஸ் பன் ஆறு டஜன் ஆர்டர். இரண்டாவது மாவு பாதி பிசைந்திருக்கும், திடீரென்று சத்தம் மாறியது. மோட்டார் கிறீச்சென்று முன்னைவிட வேகமாக ஓடுகிறது, மாவு பிசையும் கொக்கி மட்டும் மாவுக்குள் அப்படியே நிற்கிறது. அன்று ராத்திரி மீதி மாவை நானும் மாமியாரும் கையால்தான் பிசைந்தோம்.

மறுவாரம் டவுனில் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்து மிக்சரின் தலையைத் திறந்தார். உள்ளே ஒரு வெள்ளை நைலான் பல்சக்கரம், ஒரு பக்கம் பற்கள் மொத்தமும் வழித்து எடுத்த மாதிரி காணோம். சுற்றியிருந்த கிரீஸ் முழுக்கத் தேங்காய்த் துருவல் போல வெள்ளைத் துகள். அதை ஒட்டியிருந்த இரும்புச் சக்கரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இதற்கு உதிரிபாகம் வருவதே இல்லை, மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தூக்கித்தான் போட வேண்டும் என்றார். நல்ல மோட்டாரைக் குப்பையில் போட்டது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நைலான் சக்கரம் என்பதாலேயே மட்டம் என்று சொல்ல மாட்டேன். நல்ல மிக்சர்களிலும் சிலவற்றில் ஒரு சக்கரத்தை வேண்டுமென்றே பலவீனமாக வைப்பார்கள், மாவு சிக்கினால் அது உடைந்து மோட்டாரைக் காப்பாற்றும். ஆனால் அந்தச் சக்கரம் தனியாக வாங்கக் கிடைக்கும், ஒரு மத்தியானத்தில் மாற்றிவிடலாம். கிடைக்காத சக்கரத்தை உடைய விட்டால் மிக்சரே போய்விடும்.

சரி, வாட்ஸ் என்னதான் சொல்கிறது? மிக்சர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதை. கொக்கிக்கு எவ்வளவு பலம் போய்ச் சேர்கிறது என்பதை அது சொல்லாது. மோட்டார் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும், மாவு பிசையவோ நூறு சுற்று போதும். அந்த வேகத்தைக் குறைத்துப் பலமாக மாற்றித் தருவது பல்சக்கரங்கள்தான். கிச்சன்எய்டின் 4.8 லிட்டர் மாடல், நம்ம 230 வோல்ட்டுக்கு வருவது, வெறும் 300 வாட்ஸ். அது 1 கிலோ மாவைப் பிசைகிறது. 1500 வாட்ஸ் என்றால் ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கிற அளவு. ஒரு பிளாஸ்டிக் உடம்பு பத்து நிமிஷம் உண்மையிலேயே அவ்வளவு இழுத்தால் அந்தச் சூடெல்லாம் எங்கே போகும்?

இன்னொன்று, மோட்டாரைக் குளிர வைக்கும் விசிறி பெரும்பாலும் மோட்டாரின் தண்டிலேயே மாட்டியிருக்கும். கெட்டி மாவு பிடித்து இழுத்தால் மோட்டார் மெதுவாகும், மெதுவானால் கரண்டை அதிகமாக இழுத்துச் சூடாகும், அதே நேரத்தில் விசிறியும் மெதுவாகிக் காற்று குறைந்துவிடும். கருகல் வாடை வருவது அப்போதுதான். தளர்ந்த ரொட்டி மாவைவிட சமோசாவுக்குப் பிசைகிற கெட்டி மாவுதான் மிக்சருக்கு எமன், அளவு குறைவாக இருந்தாலும்.

அதனால் கடையில் மிக்சரைக் கொஞ்சம் சாய்த்து அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். பல மிக்சர்களில் "கேபி" என்று இரண்டு ஆங்கில எழுத்து, பக்கத்தில் 5 நிமிஷம் அல்லது 10 நிமிஷம் என்று இருக்கும். தொடர்ந்து அவ்வளவு நேரம்தான் ஓட்டலாம், அப்புறம் ஆற விட வேண்டும் என்று அர்த்தம். பெட்டியின் முன்பக்கம் 1500 வாட்ஸ், அடியில் 5 நிமிஷம்! ரொட்டி மாவு சரியாக இழுபட எட்டு முதல் பத்து நிமிஷம் வேண்டும், உங்களுக்கே கணக்குப் புரியும். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: அதிகபட்சம் எத்தனை கிராம் மாவு, உள்ளே சக்கரம் இரும்பா, பிளாஸ்டிக்கா. பதில் தெரியாவிட்டால் கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

லிட்டர் கணக்கு

7 லிட்டர் கிண்ணம் என்றால் 7 லிட்டர் மாவு பிசையலாம் என்று அர்த்தமில்லை. கிண்ணத்தைப் பெரிதாகச் செய்வது சுலபம், அதற்கு ஏற்ற மோட்டார் வைப்பதுதான் செலவு. அப்புறம், நாலு பேர் இருக்கும் வீட்டில் பெரிய கிண்ணம் தொல்லைதான். புரட்டாசியில் முட்டை போடாத சின்ன கேக்குக்கு 125 கிராம் வெண்ணெயும் சர்க்கரையும் போட்டால் அது அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், கேக் கலவையைக் கலக்கும் துடுப்பு மேலேயே சுற்றும்.

துடுப்பு அடிவரை எட்டுகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. காலிக் கிண்ணத்தில் ஒரு நாணயத்தைப் போட்டு மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நாணயம் கொஞ்சம் நகர்ந்தால் சரி. அசையவே இல்லை என்றால் இடைவெளி அதிகம், கூடவே இழுத்துக்கொண்டு போனால் உரசுகிறது. நல்ல மிக்சர்களில் இதைச் சரிசெய்ய ஒரு திருகு இருக்கும்.

எடை

தூக்க முடியாத மிக்சர்தான் நல்ல மிக்சர். 4 கிலோ மிக்சர் கெட்டி மாவுக்கு மேடையில் நடக்க ஆரம்பித்துவிடும். பத்து கிலோ இருந்தால் அசையாது, ஆனால் அலமாரிக்குள் வைக்காதீர்கள், தூக்கச் சோம்பல்பட்டே பயன்படுத்த மாட்டீர்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் அன்பளிப்பு

அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் ஒரே நொடியில் போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் அதற்கு இங்கே வாரண்டி எதிர்பார்க்காதீர்கள். அத்தையிடம் மிக்சர் வேண்டாம், துடுப்பும் கேக் தட்டும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

நிறம்

கடைசியில் பாருங்கள்.

கூடவே வரும் இணைப்புகள்

பாஸ்தா உருளை, கறி அரைக்கும் குழாய் என்று பன்னிரண்டு இணைப்பு இலவசம் என்றால், அந்தக் காசை மோட்டாரிலும் சக்கரத்திலும் மிச்சம் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். கொக்கி, துடுப்பு, முட்டை அடிக்கும் விஸ்க். மூன்று போதும்.

லோட்ஷெடிங்கை மறப்பது

லோட்ஷெடிங் என்று முறைவைத்துக் கரண்டை நிறுத்தியதில் 2023-இல் பட்ட பாட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். பிசைந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறலாம், பழைய ரகத் திருகு சுவிட்ச் என்றால் யாரும் இல்லாத சமையலறையில் தானே ஓட ஆரம்பித்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றாக அடாப்டர் செருகியும் ஓட்டாதீர்கள், அது சூடாகும். நேராக நம்ம மூன்று உருண்டைக் கம்பிப் பிளக்கை மாட்டிவிடுங்கள்.

பழையது என்று ஒதுக்குவது

பாட்டி வீட்டில் பழைய கென்வுட் செஃப் கிடந்தால் விற்றுவிடாதீர்கள். 1950-இல் வெளிவந்த குடும்பம் அது. பழைய மாடல்களில் கண்டென்சர் போய் லேசாகப் புகை வரும், பயந்து தூக்கிப் போட்டுவிடுவார்கள். கண்டென்சரை மாற்றி, உள்ளே கெட்டியாகிப்போன கிரீஸை வழித்துப் புதிதாகப் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம், செலவு கொஞ்சம்தான்.

வாங்கிய முதல் மாதம்

அலமாரி அழகுக்கு வைத்துவிட்டு அடுத்த தீபாவளிக்குத் திறக்கிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பொறுக்காது. வாங்கிய வாரமே கையேட்டில் சொன்ன முழு அளவு மாவைக் குறைந்த வேகத்தில் பிசைந்து பாருங்கள், மிக்சரின் தலையைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, வாடை, கொக்கியில் ஆட்டம், எதுவாக இருந்தாலும் உடனே கடைக்குப் போங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கினவருக்குத்தான். எனக்கு இது தெரியாது. ஐந்தாவது மாதத்தில் போன என்னை, அதிகமாக மாவு போட்டது உங்கள் தப்பு என்று சொல்லி அந்தக் கடை அனுப்பிவிட்டது, நானும் திரும்பி வந்துவிட்டேன். கையேட்டில் 1.5 கிலோ வரை என்று போட்டிருந்தது, நான் போட்டது 1 கிலோ. அந்தப் பக்கத்தைக் கையில் கொண்டுபோயிருக்க வேண்டும்.

ரசீதை அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டர்பன் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அந்தக் காகிதத்தில் எழுத்து ஆறு மாதம் நிற்காது.