டொப்செட்டா: பல்கேரியக் கறி உருண்டை சூப்

பல்கேரிய மொழியில் 'டொப்செட்டா' என்றால் குட்டி உருண்டைகள். கொத்துக்கறி உருண்டைகளைக் காய்கறிச் சாற்றில் வேகவைத்து, கடைசியில் தயிரும் முட்டையும் கலந்து இறக்கும் சூப் இது. எண்ணெயில் பொரிக்கும் வேலை இல்லை, மசாலாவும் குறைவு. புதிதாகச் சமைக்க வருபவர்கள் தாராளமாக இதில் தொடங்கலாம். கவனம் வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், அது கடைசியில் வரும்.

நான்கு பேருக்குத் தேவையானவை: கொத்துக்கறி அரை கிலோ (அங்கே பன்றியும் மாடும் கலந்து எடுப்பார்கள், ஒன்று மட்டும் இருந்தாலும் போதும்), அரிசி 4 மேசைக்கரண்டி, வெங்காயம் 2, கேரட் 2, கெட்டித் தயிர் 200 கிராம், முட்டை 1, சூரியகாந்தி எண்ணெய், கொஞ்சம் மைதா, பார்ஸ்லி (கொத்தமல்லி போன்ற தழை), மிளகுத்தூள், சீரகத்தூள், உப்பு. சுப்ரிட்சா என்ற காய்ந்த மூலிகை கிடைத்தால் ஒரு சிட்டிகை போடுங்கள். பல்கேரியச் சமையலின் வாசனையே அதுதான்.

முதலில் உருண்டை. ஒரு வெங்காயத்தை மிகப் பொடியாக நறுக்கி, கறி, பாதி அரிசி, உப்பு, மிளகு, சீரகம் சேர்த்து ஐந்து நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். கை வலித்தாலும் நிறுத்த வேண்டாம். கலவை பசைபோல ஒட்டினால்தான் உருண்டை சாற்றில் உடையாது. பச்சை அரிசியை அப்படியே சேர்ப்பதால் அது உள்ளேயே வெந்து, உருண்டை இறுகாமல் மென்மையாக இருக்கும். கரண்டியில் ஒரே வாயாக எடுக்கும் அளவுக்குச் சிறிதாகப் பிடித்து, மைதாவில் லேசாகப் புரட்டி வையுங்கள்.

அப்புறம், பெரிய பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, மிச்ச வெங்காயத்தையும் கேரட்டையும் வதக்கி, ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி உப்புப் போடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, உருண்டைகளை ஒவ்வொன்றாக விடுங்கள். மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து மிச்ச அரிசியைப் போட்டு, மேலும் இருபது நிமிடம் மெல்லிய கொதியில் வேகட்டும். சில வீடுகளில் இந்த அரிசிக்குப் பதில் சேமியா போடுவார்கள்.

இனி அந்தக் கடைசிக் கட்டம். பல்கேரியர்கள் இதை 'ஸாஸ்ட்ரொய்கா' என்பார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, தயிர், முட்டை, ஒரு தேக்கரண்டி மைதா மூன்றையும் கட்டியில்லாமல் அடியுங்கள். சூடான சாற்றில் ஒரு கரண்டி எடுத்து, அடித்துக்கொண்டே இதில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். இப்படி நான்கைந்து கரண்டி. கிண்ணம் தொட்டால் நல்ல சூடாக இருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கிண்ணத்தில் இருப்பதை நூல்போலப் பாத்திரத்தில் ஊற்றிக் கிளற வேண்டும். முதல் முறை நான் அவசரப்பட்டு நேராகக் கொட்டியதில் முட்டை திரிந்து துணுக்குகளாக மிதந்தது. திடீர்ச் சூட்டை முட்டை தாங்காது. மெல்லச் சூடேற்றினால் சாறு பட்டுப்போல வரும். மைதா தயிரைத் திரியாமல் பிடித்து வைக்கும்.

தயிர் அதிகப் புளிப்பில்லாமல் கெட்டியாக இருக்கட்டும். பல்கேரியர்களுக்குத் தயிர் ஒரு பெருமை. 1905இல் பல்கேரிய விஞ்ஞானி ஸ்டாமென் கிரிகோரோவ் ஜெனீவாவில் கண்டறிந்த தயிர் பாக்டீரியாவின் பெயரிலேயே அவர்கள் நாடு இருக்கிறது: லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸ்.

பார்ஸ்லியும் மிளகும் தூவி, எலுமிச்சை பிழிந்து, ரொட்டியோடு சூடாகச் சாப்பிடுங்கள். மறுநாள் சூடுபண்ணும்போதும் சிறு தீதான். ஆவி வந்ததும், கொதிக்கும் முன்பே இறக்கிவிடுங்கள்.