‘நியூ ஃபோல்டர் (7)’க்குள் தொலையும் போட்டோக்கள்

அத்தை பையன் கல்யாணத்தில் இரண்டு கேமரா, இரண்டும் ஒரே கம்பெனி. வீட்டுக்கு வந்ததும் இரண்டு மெமரி கார்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினேன். இதே பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருக்கிறது, பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் சரி சரி என்று தட்டிவிட்டேன். ஒரு வாரம் கழித்து தாலி கட்டும் படத்தை அத்தை கேட்டபோது போய்ப் பார்த்தால், அந்த நம்பரில் பந்தியில் யாரோ பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறார். நல்லவேளை, கார்டை இன்னும் ஃபார்மேட் செய்யவில்லை.

கேமரா தானாக வைக்கும் பெயரில் வரிசை எண்ணுக்கு நாலு இலக்கம்தான் இடம். 0001இல் தொடங்கி 9999 வரை போய் மறுபடி 0001க்கே வந்துவிடும். ஆக இரண்டு கேமராகூட வேண்டாம், நிறைய எடுப்பவருக்கு ஒரே கேமராவிலேயே இந்தக் கதை நடக்கும். கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்று முதலில் தனித்தனியாக இறக்குங்கள், இன்னொரு டிஸ்கில் ஒரு காப்பி போடுங்கள், அப்புறம் பெயரில் கை வையுங்கள்.

பெயர் வைக்கும்போது பெரும்பாலானவர்கள் சறுக்குவது தேதியில். நமக்குக் கை பழகியது 15-01-2019. ஆனால் கம்ப்யூட்டர் இடமிருந்து வலமாகத்தானே அடுக்கும்? எல்லா வருஷத்து 15ஆம் தேதியும் ஒன்றாகக் கூடி உட்கார்ந்துவிடும். மாதத்தை ஆங்கிலத்தில் எழுத்தாகப் போட்டால் இன்னும் வேடிக்கை, ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று வருஷமே புரண்டு வரும். வருஷம், மாதம், நாள், அதன் பிறகு விஷயம்: ‘2019-01-15 பொங்கல் மதுரை 001’. கடைசி 001இல் இருக்கும் அந்த இரண்டு பூஜ்யமும் சும்மா இல்லை. விண்டோஸ் 2ஐ 10க்கு முன்னால் ஒழுங்காகத்தான் வைக்கும், ஆனால் அதே பென் டிரைவை டிவியில் சொருகிப் பார்த்தால் பல டிவிகளில் 1, 10, 100, 2 என்று ஓடும்.

சரி, எந்தத் தேதியைப் போடுவது? ஃபைல் பட்டியலில் தெரியும் ‘உருவாக்கிய தேதி’யை நம்பாதீர்கள். அது அந்த டிஸ்குக்கு நீங்கள் காப்பி செய்த நாளாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எடுத்த நாள் படத்துக்குள்ளேயே, கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் என்ற தகவலாகப் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும், ஃபைல் பெயரில் இருப்பது போனுக்கு வந்த நாள். சித்தப்பா நேற்று ஃபார்வர்ட் செய்த பத்து வருஷப் பழைய படம் நேற்றையதாக நிற்கும். ஸ்கேன் செய்த கறுப்பு வெள்ளைப் படங்களும் அப்படித்தான், அவற்றுக்குக் கையால்தான் எழுத வேண்டும். நாள் தெரியாவிட்டால் ‘1984-00-00’ என்று போடுங்கள், அந்த வருஷத்தின் தலையில் போய் நிற்கும். படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்று சொல்ல வீட்டில் ஒரே ஒரு பாட்டிதான் மிச்சம் என்றால், தேதியை விடுங்கள், முதலில் அந்தப் பெயரை எழுதுங்கள்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்றால், தாராளமாக. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ‘பொங்கல்’ என்பதில் உள்ள ஒகரக் குறியை, கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். பழைய மேக் கணினிகள் பிரித்துத்தான் வைக்கும். கண்ணுக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றே, ஆனால் ஒரே இடத்தில் இரண்டு ‘பொங்கல்’ ஃபோல்டர் இருக்கும், தேடினால் ஒன்றுதான் கிடைக்கலாம். முன்னால் தேதி இருந்தால் எண்ணை வைத்தாவது பிடித்துவிடலாம்.

அடுத்தது, அதிகமாக அடுக்குகிற வியாதி. குடும்பம், அதற்குள் அப்பா வழி, அதற்குள் விசேஷம், அதற்குள் கல்யாணம் என்று கிணறு வெட்டுவார்கள். அப்பாவும் தாய்மாமாவும் சேர்ந்து நிற்கும் படத்தை எங்கே போடுவது? இரண்டிலும் ஒரு காப்பி, அப்படியே பெருகும். என்னைக் கேட்டால் வருஷம், அதற்குள் நிகழ்ச்சி, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆள் பெயர்களைப் போட்டோ மென்பொருளில் டேக்காக, அதாவது படத்தோடு ஒட்டிவைக்கும் அடையாளச் சொல்லாக, போடுவதே உத்தமம். லைட்ரூம் என்ற போட்டோ மென்பொருள் வைத்திருப்பவர்கள் பெயர் மாற்றுவதையும் அதற்குள்ளேயே செய்யுங்கள், வெளியே மாற்றினால் படத்தைக் காணவில்லை என்று அது கைவிரித்துவிடும்.

விண்டோஸில் எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து எஃப்2 தட்டினால் மொத்தமாகப் பெயர் மாறும், ஆனால் அந்த நேரத்தில் திரையில் எப்படி அடுக்கியிருக்கிறதோ அதை வைத்துத்தான் எண் விழும். எடுத்த தேதிப்படி அடுக்கிவிட்டுத் தட்டுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், இருந்தும் பந்தி முடிந்து தாலி கட்டுகிறார்கள்! ஒரு கேமராவின் கடிகாரம் மூன்று மணி நேரம் தள்ளி ஓடியிருக்கிறது. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளையில் நேரத்தைத் தள்ளிச் சரிசெய்தேன். இப்போதெல்லாம் மண்டபத்துக்குள் நுழைந்ததும் இரண்டு கேமராவாலும் அங்கே மாட்டியிருக்கும் சுவர்க் கடிகாரத்தை ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்கிறேன், எவ்வளவு வித்தியாசம் என்று அதைப் பார்த்தே தெரிந்துவிடும்.