மக்ரூனைக் கடைசியில் வாங்குங்கள்: தூத்துக்குடியில் ஒரு நாள்

மதுரையிலிருந்து வந்த என் அத்தை, பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு வாங்கியது எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன்தான். நாள் முழுக்கப் பையோடு அலைந்துவிட்டு ராத்திரி திறந்தால் பாதி தூள், மீதி பிசுபிசுப்பு. முகம் வாடிப்போனது. அன்றிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் வரிசையை நானே சொல்லிவிடுகிறேன்.

விடிந்ததும் துறைமுகச் சாலைப் பக்கம் ஆட்டோ பிடித்து உப்பளம் பாருங்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரை வந்தால் வெள்ளைக் குவியல்கள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெறும் தண்ணீர்தான். வெயிலுக்கு முந்தி முடிக்க வேண்டிய வேலை அது. உப்பு வாருபவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அப்படியே முயல்தீவு போகலாம். நிழல் குறைவு, தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

பத்து மணிக்குள் பனிமய மாதா கோவில். நாங்கள் தஸ்நேவிஸ் மாதா என்போம். ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. அந்த நாட்களில் வந்தால் அறையை முன்பே பிடித்துவிடுங்கள். தங்கத் தேர் எல்லா ஆண்டும் ஓடாது, விசாரித்து வாருங்கள்.

மதியம் வயதானவர்களை அலைக்கழிக்காதீர்கள், தூங்கட்டும். திருச்செந்தூர் 40 கிலோமீட்டர். அதை இந்த நாளுக்குள் திணிக்க வேண்டாம், முருகனுக்குத் தனி நாள் கொடுங்கள்.

நாலரைக்குக் கடற்கரைச் சாலை. பிள்ளைகள் ரோச் பூங்காவில் ஓடட்டும். பழைய துறைமுகப் பக்கம் நின்றால் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகள் தெரியும். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது. கொழும்புக்குக் கப்பல் விட்ட கடல் இதுதான் என்று பிள்ளைகளுக்குக் கை காட்டிச் சொல்லுங்கள். எனக்கு என் தாத்தா அப்படித்தான் சொன்னார்.

இருட்டியதும் பரோட்டா. ராத்திரிக் கடையை இங்கே ‘நைட் கிளப்’ என்பார்கள், பயப்பட வேண்டாம், குடும்பத்தோடு போகலாம். சால்னாவை ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிடுங்கள்.

இப்போது வாங்குங்கள் மக்ரூனை. முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான், மைதா கிடையாது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாங்கிப் போகாதீர்கள். கடல்காற்றின் ஈரம் பட்டால் நமுத்துவிடும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள்: மொறுமொறுவென்று உடைந்து வாயில் கரைய வேண்டும், பல்லில் ஒட்டினால் பழசு. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, முத்துநகர் எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சீட்டுக்கு அடியில் தள்ளாதீர்கள்.