எந்தக் கலவைக்கு எந்தக் குரோமட்டோகிராபி?

கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறைதான் குரோமட்டோகிராபி. அதன் வகைகளைத் தாள், மெல்லடுக்கு, நிரல், வாயு, ஹெச்பிஎல்சி (உயர் அழுத்தத்தில் திரவத்தைச் செலுத்திப் பிரிப்பது) என்று பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வறையில் எல்லாம் குழம்பும். கலவையைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: சூடாக்கினால் சிதையாமல் ஆவியாகுமா? ஆகும் என்றால் வாயு குரோமட்டோகிராபி. பெட்ரோல், கிராம்பு எண்ணெய் எல்லாம் இந்தப் பக்கம். சர்க்கரை மாதிரி சூட்டில் கருகுகிற ஆசாமிக்கு ஹெச்பிஎல்சி.

என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதுமா? மெல்லடுக்குத் தகடு, சில நிமிட வேலை. பிரித்துக் குப்பியில் எடுத்து வைக்க வேண்டுமா? நிரல். 1900களின் தொடக்கத்தில் ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெட், கால்சியம் கார்பனேட் தூள் நிரப்பிய குழாயில் இலை நிறமிகளைப் பிரித்தாரே, அதே வழிதான்.

தாளோ தகடோ, தொடக்கக் கோட்டைப் பென்சிலால் மட்டும் போடுங்கள். பேனாவால் போட்டு, மையே நீலமும் ஊதாவுமாகப் பிரிந்து ஏறியதைப் ‘புதுப் பொருள்’ என்று நோட்டில் எழுதியவன் நான். அப்புறம், கரைப்பான் மட்டம் அந்தக் கோட்டில் வைத்த மாதிரிப் புள்ளிக்குக் கீழேயே நிற்கட்டும். மூழ்கினால் மாதிரி அடியிலேயே கரைந்துவிடும். வெளியே எடுத்த கையோடு கரைப்பான் ஏறிய உயரத்தைக் குறித்துவிடுங்கள். காய்ந்தபின் அந்தக் கோடு தெரியாது, ஆர்எஃப் மதிப்பும் (பொருள் ஏறிய உயரத்தைக் கரைப்பான் ஏறிய உயரத்தால் வகுத்தது) கணக்கிட முடியாது.