இக்னோவில் சேருமுன், சேர்ந்தபின்

இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் படிக்கப் போகிறீர்களா? முதலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு, அதாவது டெப், அதன் இணையதளத்தில், நீங்கள் சேரப்போகும் பருவத்துக்கு அந்தப் படிப்புக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது; படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். பொறியியல், மருத்துவம் போன்றவற்றுக்குத் தொலைநிலையில் இடமே இல்லை.

முதலில் டிஜிலாக்கரில் ஏபிசி எண் (உங்கள் கிரெடிட்டுகள் சேரும் கணக்கின் எண்), அதை வைத்து டெப் தளத்தில் டெப் ஐடி என்ற மாணவர் அடையாள எண், பிறகுதான் விண்ணப்பம். ஆதாரில் ஒரு இனிஷியல், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு என்றிருந்தால் இங்கேதான் சிக்கும். முன்கூட்டியே திருத்திவிடுங்கள்.

சேர்ந்தபின் பலர் கோட்டைவிடுவது அசைன்மென்ட்டில், அதாவது வீட்டிலிருந்தே விடை எழுதிப் படிப்பு மையத்தில் கொடுக்கும் ஒப்படைப்பில். பெரும்பாலான பாடங்களில் அதற்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். உங்கள் பருவத்துக்குரிய அசைன்மென்ட் வினாத்தாளையே இறக்குங்கள், பழையது செல்லாது. கையால் எழுதுங்கள். முதல் பக்கத்தில் பதிவு எண், பாடக் குறியீடு, படிப்பு மையக் குறியீடு. கொடுக்குமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மதிப்பெண் ஏறாமல் போனால் அந்தச் சீட்டுதான் சாட்சி.